ரோஸ் துளையா, நீலத் துளையா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பதிவு செய்வதைப் பற்றியவை. இருபது வருடம் கோவில்பட்டியில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்துப் பிழைத்தவன் என்பதால் ஆசிரியர் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார். சரி, பார்க்கலாம்.

என் அப்பா கோயிலில் நாகஸ்வரம் வாசித்தவர். 1980களில் கல்யாண வீடுகளில் அவர் வாசித்தது பதினான்கு கேசட்டில் இருக்கிறது. டூ-இன்-ஒன்னின் ஹெட்போன் துளையிலிருந்து வயர் எடுத்து, கம்ப்யூட்டருக்குப் பின்னால் ரோஸ் நிறத் துளையில் செருகிப் பதிந்தோம். நாகஸ்வரம் தகர டப்பாவுக்குள் வாசித்ததுபோல் இருக்கிறது. தவில் அடி விழும் இடமெல்லாம் கிழிகிறது. மகன் கம்ப்யூட்டரில் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தான். சத்தம்தான் குறைந்தது, கிழிசல் அப்படியே இருக்கிறது. கேசட் கெட்டுவிட்டதா அண்ணாச்சி?
வாசகி, கும்பகோணம்

கேசட்டின் மேல் சந்தேகப்படாதீர்கள் அம்மா. டூ-இன்-ஒன்னின் சொந்த ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்கிறது என்றால் கேசட் நன்றாகத்தான் இருக்கிறது. செருகிய இடம்தான் தப்பு.

ரோஸ் துளை மைக்குக்கு உரியது. ஒரு மைக்கில் பேசினால் அதிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அது போதாது என்பதால் அந்தத் துளைக்குப் பின்னாலேயே சிக்னலைப் பெருக்குகிற ஒரு கட்டம் வைத்திருப்பார்கள். உங்கள் டூ-இன்-ஒன்னிலிருந்து வருவதோ ஏற்கனவே பெருக்கப்பட்ட சிக்னல். வால்யூமைப் பொறுத்து அரை வோல்ட், ஒரு வோல்ட் வரைகூடப் போகும். மைக் தருவதைப்போல நூறு மடங்குக்கு மேல். பாலாடையில் ஊட்டுகிற வாயில் குடத்தைக் கவிழ்த்த கதை.

மகன் குறைத்தும் கிழிசல் போகாததற்குக் காரணமும் இதுதான். அவர் குறைத்தது அந்தப் பெருக்கும் கட்டத்தைத் தாண்டி வந்த பிறகு. அங்கே வரும்போதே தவில் அடியின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது. கிழிந்த வேட்டியை மடித்து வைத்தால் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான். பதிந்தவற்றைச் சரிசெய்ய மென்பொருள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நேரத்தை வீணாக்க வேண்டாம், திரும்பப் பதியுங்கள்.

பக்கத்தில் வெளிர் நீலத்தில் ஒரு துளை இருக்கும். அதற்குப் பெயர் லைன் இன். டேப், ரேடியோ, மிக்ஸர் போன்றவற்றிலிருந்து வரும் பெரிய சிக்னலை வாங்குவதற்கென்றே உள்ளது அது. இந்த நிறங்கள் 1990களின் கடைசியில் மைக்ரோசாஃப்டும் இன்டெல்லும் சேர்ந்து பிசி 99 என்ற பெயரில் கொண்டுவந்த ஏற்பாடு: ரோஸ் மைக்குக்கு, வெளிர் நீலம் லைன் இன்னுக்கு, பச்சை ஸ்பீக்கருக்கு. இன்னொரு வித்தியாசமும் உண்டு. ரோஸ் துளை பெரும்பாலும் மோனோ, அதாவது ஒரே தடம். நீலம் ஸ்டீரியோ, இடது வலது என இரண்டு தடம். டூ-இன்-ஒன் இரண்டு மைக் வைத்து ஸ்டீரியோவில் பதிந்திருந்தால் தவில் ஒரு பக்கமும் நாகஸ்வரம் ஒரு பக்கமுமாக இருக்கக்கூடும். ரோஸில் செருகி அதையும் சேர்த்துத் தொலைத்திருப்பீர்கள். கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளைகளைப் பார்க்க வேண்டாம், அங்கே ஹெட்போனும் மைக்கும்தான் இருக்கும்.

வயரை மாற்றினால் மட்டும் போதாது. விண்டோஸின் சவுண்ட் பகுதியில் ரிக்கார்டிங் என்ற பட்டியலில் லைன் இன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் ஆடாசிட்டி போன்ற பதிவு மென்பொருளிலும் தனியாக ஒருமுறை அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்துவிட்டு 'பதிவே ஆகவில்லை' என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.

இனி அளவு. டூ-இன்-ஒன்னின் வால்யூமை மூன்றில் ஒரு பங்கில் வைத்துத் தொடங்குங்கள். பேஸ், டிரெபிள் குமிழ்களை நடுவில் வையுங்கள், ஏனென்றால் ஹெட்போன் துளையில் அவற்றின் வேலை கலந்துதான் வரும். டேப்பின் பின்னால் லைன் அவுட் என்று தனித் துளை இருந்தால் அதுதான் மேல், அதில் இந்தக் குமிழ்கள் குறுக்கிடாது. சோதனைக்கு ஆலாபனை இருக்கிற இடத்தை வைத்துவிடாதீர்கள். கெட்டிமேளம் வருகிற இடத்தைத் தேடிப் பிடியுங்கள். கல்யாண கேசட்டில் அதைவிட உரத்த இடம் கிடையாது. அந்த இடத்தில் பதிவு மென்பொருளின் மானியின் உச்சி மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நின்றால் போதும். பூஜ்யத்தைத் தொட்டால் பழைய கதை.

டூ-இன்-ஒன்னைக் கரண்டில் ஓட்டும்போது அடியில் 'உம்ம்' என்று ஒரு இரைச்சல் கேட்டால், அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். பேட்டரி கட்டைகள் வாங்கிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பதினான்கு கேசட்டுக்கு ஒரு செட் கட்டை செலவு பெரிதில்லை. பதிவதற்கு முன், டேப் உரசி ஓடுகிற ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள், பழுப்பாக வந்தால் வெள்ளையாக வரும்வரை.

லேப்டாப்பில் ஒரே ஒரு ஆடியோ துளைதான் இருக்கிறது. தாத்தாவின் டேப்பிலிருந்து அதில் செருகி ஒரு மணி நேரம் பதிந்தேன். பாட்டு வரவே இல்லை. அடுக்களையில் அம்மா சித்தியோடு போனில் பேசியது மட்டும் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது!
கல்லூரி மாணவர், சிவகாசி

அம்மாவுக்குத் தெரியுமா தம்பி?

உங்கள் பின்னில் எத்தனை கறுப்பு வளையம் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு இருக்கும். அதாவது உலோகப் பகுதி மூன்று: இடது, வலது, எர்த். லேப்டாப்பின் துளை செல்போன் ஹெட்செட்டுக்காகச் செய்தது, அதற்கு நான்கு பகுதி வேண்டும். நுனியிலிருந்து இடது, வலது, எர்த், கடைசியில் மைக். மூன்று பகுதி பின்னைச் செருகினால் மைக்குக்கான தொடர்பு நேராக எர்த்தில் போய் முட்டிக்கொள்ளும். லேப்டாப், 'யாரோ ஹெட்போன் மாட்டியிருக்கிறார்' என்று முடிவுகட்டிவிட்டுத் தன் திரைக்கு மேலே இருக்கிற மைக்கில் வீட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் பதிந்தது அதைத்தான்.

இதற்கென்று இரண்டாகப் பிரிகிற ஒரு சின்ன வயர் விற்கிறார்கள், ஒரு வால் ஹெட்போனுக்கு, ஒரு வால் மைக்குக்கு. வாங்க வேண்டாம். அதில் கிடைப்பது மைக் வழிதான், மோனோதான். மேலே கும்பகோணத்துக்காரர் பட்ட பாடுதான் உங்களுக்கும். இதைவிட மோசமான வலை, பென் டிரைவ் அளவில் பச்சையும் ரோஸுமாக இரண்டு துளையோடு வருகிற மலிவு யுஎஸ்பி குச்சி. 'சவுண்ட் கார்டு' என்று அட்டையில் போட்டிருக்கும். அதிலும் உள்ளே போகிற வழி மைக் மட்டுமே.

உங்களுக்கு வேண்டியது லைன் இன் உள்ள யுஎஸ்பி பெட்டி. அடையாளம் எளிது: டிவியின் பின்னால் இருக்குமே, சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளைகள், அவை 'இன்' என்ற எழுத்தோடு இருக்க வேண்டும். பெரிஞ்சர் யுசிஏ202 என்பது அப்படிப்பட்ட ஒன்று. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும், கேசட்டுக்கு அது தாராளம். மேலே ஒரு குமிழ் இருக்கிறதே என்று அதைத் திருப்பிப் பதிவின் அளவைக் குறைக்கப் பார்க்காதீர்கள். அது காதில் கேட்கிற ஹெட்போனுக்கு. பதிவின் அளவை டேப்பின் வால்யூமில்தான் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் இந்தப் பெட்டியை மைக்ரோஃபோன் என்ற பெயரிலேயே காட்டக்கூடும். பயப்பட வேண்டாம். ஆனால் சில சமயம் அதை மைக் என்றே நம்பி, ஒற்றைச் சேனலாக வைத்துவிடும். அதன் அமைப்புகளுக்குள் போய் 2 சேனல் என்று மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் பதிவை ஓடவிட்டு, டேப்பை நிறுத்திவிட்டு, லேப்டாப்பின் திரை ஓரத்தை நகத்தால் சுரண்டுங்கள். கோடு துள்ளினால் இன்னும் உள் மைக்கில்தான் இருக்கிறீர்கள். துள்ளாவிட்டால் அம்மா நிம்மதியாகப் பேசலாம்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு உண்டு. மைக் செட்டிலிருந்தே நேராக லேப்டாப்புக்கு எடுத்தால் கூட்டத்து இரைச்சல் இல்லாமல் வரும் என்கிறார்கள். ஸ்பீக்கர் வயரில் ஒரு கிளை எடுத்தால் போதுமா?
வாசகர், ஏரல் பக்கம்

ஸ்பீக்கர் வயரைத் தொடவே தொடாதீர்கள்.

தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது மைக் செட்காரர்கள் பெரும்பாலும் 100 வோல்ட் லைனில் இழுப்பார்கள். ஊர்க்கோடி வரை மெல்லிய வயரில் சக்தி வீணாகாமல் போக வேண்டுமே. 100 வாட் ஆம்ப்ளிஃபயர் 100 வோல்ட்டில் அனுப்பினால் வயரில் ஓடுவது ஒரு ஆம்பியர்தான். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அந்த வயரில் 100 வோல்ட் நிற்கும். லேப்டாப்பின் கதி இருக்கட்டும், வயரைச் சீவுகிற உங்கள் கையின் கதியையும் யோசியுங்கள்.

சொல்கிற நானும் யோக்கியன் இல்லை. கடை ஆரம்பித்த புதிதில் ஒரு கொடைக்கு வாடகை கேசட் டெக்கை எடுத்துக்கொண்டு போய், ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையிலிருந்து நேராக டெக்கின் லைன் இன்னுக்குக் கொடுத்தேன். அது 100 வோல்ட் லைன்கூட இல்லை, சாதாரண 8 ஓம் முனைதான். தொடக்கத்தில் பாடுகிற வருத்தப்பா முடிந்து கதை தொடங்குவதற்குள் டெக்குக்குள்ளிருந்து கருவாடு சுட்ட வாசனை. புலவர் மேடையிலிருந்தே, 'யாருவே அங்க சமைக்கிறது?' என்று கேட்டார். டெக்குக்குப் பணம் கட்டி முடிக்க நாலு மாதம் ஆனது.

மிக்ஸரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ லைன் அவுட் அல்லது ரிக்கார்ட் அவுட் என்று ஒரு துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து எடுத்து, முந்தைய பதிலில் சொன்ன யுஎஸ்பி பெட்டிக்குக் கொடுங்கள். லேப்டாப்பை சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டுங்கள், ஜெனரேட்டர் கரண்டில் வருகிற இரைச்சல் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். போகாவிட்டால் லைன் அவுட்டுக்கும் யுஎஸ்பி பெட்டிக்கும் நடுவில், ஆடியோ சிக்னலுக்கான ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலைக் குறைக்கிற வைத்தியம் நம் ஊரில் பிரசித்தம். அதைச் செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும்போது காப்பாற்றுவது அந்தப் பின்தான். இதையெல்லாம் மைக் செட்காரரிடம் சாயங்காலம் மூன்று மணிக்கே பேசி முடியுங்கள். நிகழ்ச்சி ஓடும்போது அவர் மிக்ஸருக்குப் பின்னால் கைவிட்டால் அடி விழும், அதுவும் நியாயம்தான்.

ஒரு விஷயம் இதைவிட முக்கியம். மிக்ஸரில் இருப்பது மைக் கேட்டது மட்டும்தான். புலவருக்கும் பின்பாட்டுக்காரருக்கும் மைக் இருக்கும். குடம் அடிப்பவருக்கு? அது சும்மாவே ஊருக்குக் கேட்கிறது என்று பல இடங்களில் மைக் வைக்க மாட்டார்கள். நேரில் கேட்டவர்களுக்குக் குடமும் உடுக்கையும் அதிரும், உங்கள் பதிவிலோ யாரோ அடுத்த தெருவில் தட்டுவதுபோல் இருக்கும். அதனால் மேடைக்குப் பத்தடி முன்னால் ஒரு செல்போனைத் தனியாகப் பதிவில் போட்டு வையுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை மேடை மைக் முன்னால் பலமாகக் கைதட்டச் சொல்லுங்கள். அந்தக் கைதட்டலை வைத்து இரண்டு பதிவையும் பின்னால் ஒட்டவைக்கலாம். நீங்கள் வேண்டாம் என்கிற கூட்டத்து இரைச்சலும் கொஞ்சம் வரும். வரட்டும். சாமியாடும்போது எழுகிற குலவைச் சத்தம் இல்லாத கொடைப் பதிவை யார் கேட்பார்கள்?

ஆன்லைனில் கண்டென்சர் மைக் வாங்கினேன். கூடவே வந்த வயரின் ஒரு முனையில் மூன்று துளை, மறுமுனையில் 3.5 பின். ரோஸ் துளையில் செருகினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. சிறுவர் கதைகள் வாசித்துப் பதிய ஆசை.
வாசகி, புதுச்சேரி

அந்த மாதிரி மைக்குக்குச் சோறு போட வேண்டும், அதாவது மின்சாரம். முறையாகப் பார்த்தால் 48 வோல்ட். ரோஸ் துளையிலும் கொஞ்சம் மின்சாரம் வரும், ஆனால் அது சட்டையில் குத்துகிற சின்ன மைக்குக்கான இரண்டு மூன்று வோல்ட். கம்ப்யூட்டரில் மைக் பூஸ்ட்டைக் கூட்டினால் உங்கள் குரலோடு 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து வளரும். இலவசமாக வந்த அந்த வயரை ஒதுக்கிவிட்டு, எக்ஸ்எல்ஆர் என்கிற மூன்று முனை மைக் துளையும் 48 என்று எழுதிய பொத்தானும் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை, அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டியை, வாங்க வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ ஒரு உதாரணம். அளவுக் குமிழை முழுக்கக் குறைத்துவிட்டு அந்தப் பொத்தானை அமுக்குங்கள், இல்லாவிட்டால் ஹெட்போனில் 'டப்' என்று காதைப் பிளக்கும்.

என்னைக் கேட்டால், மைக்கைத் திருப்பி அனுப்ப இன்னும் நாள் இருந்தால் அனுப்பிவிடுங்கள். கண்டென்சர் மைக் கூர்மையான காது உடையது. மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்ஸி, 'பழைய பேப்பர், பழைய இரும்பு' எல்லாம் கதைக்குள் வந்துவிடும். மேடைப் பாடகர்கள் பிடித்துப் பாடுகிற டைனமிக் வகை மைக்கை வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் வைத்துப் பேசினால் நம் வீடுகளுக்கு அதுவே சரி. அதற்கு 48 வோல்ட் வேண்டாம், ஆனால் இன்டர்ஃபேஸ் வேண்டும்.

வீணையில் ஒட்டுகிற பிக்கப் வாங்கி, கம்ப்யூட்டரில் மைக், லைன் இன் இரண்டிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். மேல் ஸ்தாயி கணீரென்று வருகிறது, மந்தர ஸ்தாயி காணவே இல்லை.
இசை ஆசிரியை, தஞ்சாவூர்

இரண்டும் இல்லாத மூன்றாவது துளை வேண்டும், கம்ப்யூட்டரில் அது கிடையாது. நீங்கள் ஒட்டியது பீசோ வகை, அதிர்வை மின்சாரமாக மாற்றுவது. அது ஒரு குட்டி மின்தேக்கிபோல நடந்துகொள்ளும். எதிரே இருக்கிற துளையின் தடை குறைவாக இருந்தால் தாழ்ந்த ஸ்வரங்கள் வழியிலேயே கரைந்துவிடும். லைன் இன்னின் தடை சில பல ஆயிரம் ஓம்தான், மைக் துளை அதைவிடக் குறைவு. பீசோவுக்குப் பத்து லட்சம் ஓம் அளவில் வேண்டும். இன்டர்ஃபேஸ்களில் கிதார் படத்தோடு, அல்லது இன்ஸ்ட் என்ற எழுத்தோடு இருக்கிற துளை அதுதான். அதில் செருகினால் மந்தர ஷட்ஜம் திரும்பி வந்துவிடும். இருந்தாலும் பீசோ கேட்பது பலகையின் அதிர்வை மட்டும்தான். குடத்திலிருந்து காற்றில் வருகிற நாதம் வேண்டுமென்றால் எதிரே ஒரு மைக்கும் வையுங்கள்.

ஆன்லைன் பாட்டு வகுப்பில் என் சுருதிப் பெட்டி பத்து விநாடியில் மறைந்துவிடுகிறது என்கிறார் டீச்சர். மைக்கை மாற்ற வேண்டுமா?
வாசகர், மதுரை

வேண்டாம். ஒரே சீராக வருகிற ஒலி எதுவானாலும் அது மின்விசிறி என்று நினைத்து அழித்துவிடுகிறது மென்பொருள். தம்புராவின் துரதிர்ஷ்டம். ஜூம் என்றால் அமைப்புகளில் இசைக் கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்டைப் போடுங்கள். ப்ளூடூத் ஹெட்செட்டையும் கழற்றி வையுங்கள். அதன் மைக்கைப் பயன்படுத்துகிற நேரத்தில் பெரும்பாலும் ஒலி முழுவதும் டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும்.

1989இல் உங்கள் கடையில் பதிந்து வாங்கிய கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. பி பக்கத்துக் கடைசிப் பாட்டு பல்லவியோடு நின்றுவிடுகிறது. அப்போதே கேட்க நினைத்தேன்.
வாசகர், சாத்தூர்

60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். நீங்கள் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தது ஏழு பாட்டாக இருந்திருக்கும். ஆறோடு நிறுத்தினால், 'இடம் மிச்சம் இருக்கே' என்று சண்டைக்கு வருவார்கள், ஏழாவதைத் தொட்டால் முப்பத்தைந்து வருடம் கழித்துக் கடிதம் வருகிறது. கேசட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், நீலத் துளையில் போட்டு மாற்றித் தருகிறேன். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் இரண்டு பக்கமும் சேர்த்து 635 எம்பிதான் வரும், ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தால் போதும். அந்தப் பாட்டு மட்டும் பல்லவியோடுதான் நிற்கும்.